கேட்டதும் கேளாததும்

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் இலக்கியப் பொருள் ஒன்றை எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டேன். கம்பனில் ஒரு காட்சி, அல்லது குறளில் ஓர் அதிகாரம் என்று எண்ணம் ஓடியது. ஆனால் அண்மையில் என் வீட்டில் நடந்த ஒரு சிறு செய்தி அவ்வாறு எழுத என்னை விடவில்லை. அது ஒரு மின்வடத்தைப் பற்றியது. பாட்டுக் கேட்கும் கருவிக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஒன்றரை மீட்டர் வடம். இலக்கிய மலரில் இதற்கு என்ன இடம் என்று அன்பர்கள் கேட்பது நியாயமே. அளவை நூலார் நெடுங்காலமாக ஆராய்ந்த கேள்வி ஒன்று அந்த வடத்தைப் பற்றிக்கொண்டு என் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பதே நான் தரக்கூடிய விடை. ஒன்றை உண்மை என்று கொள்வதற்கு எது சான்று? யார் சொல் சான்று?

1974-இல் வேலையின் பொருட்டுப் பம்பாய்க்கு வந்தவன் நான். நகரத்தின் பெயர் மாறிய பின்னும் மாட்டுங்காவை விட்டு அகலாதவன். ஊரை விட்டு வந்தவர்களிடம் ஊர் ஏதேனும் ஒரு வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலருக்குக் காப்பிப் பொடியில். சிலருக்குக் குலதெய்வத்துக்கு ஆண்டுதோறும் அனுப்பும் பணத்தில். எனக்கு அது சங்கீதத்தில் இருந்தது. சண்முகானந்த அரங்கில் கச்சேரி இல்லாத மாலைகளில் வீட்டிலேயே கேட்பேன். அதற்கென்று 1991-இல் லாமிங்டன் சாலையில் ஓர் ஆம்ப்ளிபயர் வாங்கினேன். கறுப்பு இரும்புப் பெட்டி. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். இன்றும் பழுதின்றிப் பாடுகிறது. அதன் மின்வடத்தின் ரப்பர் உறைதான் முதுமையால் வெடித்துவிட்டது.

புதிய வடம் வாங்கப் புறப்பட்டவனை என் தமக்கை மகன் தடுத்தான். “மாமா, நாமே செய்துவிடலாம்” என்றான். பொறியியல் படித்த பிள்ளை; இசைக் கருவிகளில் மிகுந்த ஆர்வம் உடையவன். மின்வடம் நன்றாக இருந்தால் பாட்டும் நன்றாக ஒலிக்கும் என்று நம்பும் கூட்டம் ஒன்று உலகெங்கும் இருப்பதை அவன் வாயிலாகவே அறிந்தேன். அவர்களுக்காகப் பல்லாயிரம் ரூபாய் விலையில் வடங்கள் விற்கப்படுகின்றனவாம். நான் சிரித்தேன். ஆயினும் சில நூறு ரூபாயில் அதற்கு ஈடாக ஒன்றை நாமே செய்யலாம் என்று அவன் சொன்னதும் சிரிப்பு அடங்கி ஆசை எழுந்துவிட்டது. மலிவாகக் கிடைக்கும் பேராசைக்கு நம்மில் பலரும் இணங்குபவர்களே.

லோஹார் சால் கடைத்தெருவில் ஒரு ஞாயிறுக்கு முந்திய மாலை முழுவதும் அலைந்தோம். 2.5 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள மூன்று இழைச் செப்புவடம். சுவரில் செருகக் கனமான மும்முனைப் பிளக். மறுமுனைக்குக் கணினியின் பின்புறம் செருகுவது போன்ற இணைப்பான். மேலே போர்த்த நைலான் பின்னல் உறை. மறுநாள் உணவு மேசையில் செய்தித்தாளை விரித்து வேலையைத் தொடங்கினோம்.

அந்த வேலையின் இன்பத்தை நான் மறைக்க மாட்டேன். நாற்பது ஆண்டுகள் கோப்புகளையே புரட்டிய கைகள் இவை. புற உறையை, உள்ளிருக்கும் இழையில் கத்தி படாமல் வட்டமாகக் கீறி உரிக்கக் கற்றேன். பழுப்பு நிறம் மின்னோட்டம் வரும் கம்பி, நீலம் திரும்பும் கம்பி, பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த் கம்பி என்று அவன் சொல்லித் தந்தான். மெல்லிழைகள் பிரியாதிருக்க நான் ஈயப் பற்று வைக்கப் போனேன்; அவன் கையைப் பிடித்துக்கொண்டான். திருகின் அழுத்தத்தில் ஈயம் நாளடைவில் தளர்ந்துவிடும். பிடிப்பு நெகிழ்ந்த இடம் சூடேறும். அதனால் சிறு செப்புக் குழலை இழைகளின்மேல் மாட்டி நசுக்கி, அதைத் திருகின்கீழ் இறுக்கினோம். மூன்று கம்பிகளில் எர்த் கம்பியை மட்டும் சற்று நீளமாக விடச் சொன்னான். யாரேனும் காலிடறி வடத்தை இழுத்துவிட்டால், மற்ற இரண்டும் பிடுங்கிக்கொண்ட பின்னரே எர்த் விடுபட வேண்டுமாம். பிளக்கில் எர்த் முனை மட்டும் நீண்டும் பருத்தும் இருப்பதும் இந்த முறைப்படியே. அது முதலில் சென்று தொடும், கடைசியில் விலகும். நாள்தோறும் கையில் பிடிக்கும் பொருளில் இத்தகைய முன்யோசனை ஒளிந்திருப்பதை எண்ணி வியந்தேன். இந்த வியப்பை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மீட்டரால் இணைப்புகளைச் சோதித்து, வடத்தைச் செருகி, எம். டி. ராமநாதனின் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டோம். அந்தக் கனத்த குரல் அறையில் எழுந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தம்புராவின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்டது. குரலுக்கும் மிருதங்கத்துக்கும் இடையே முன்பு இல்லாத ஒரு வெளி தெரிந்தது. “கேட்டாயா?” என்றேன். “கேட்டேன் மாமா” என்றான். அடுத்த இரண்டு வாரங்கள் வீட்டுக்கு வந்தவரையெல்லாம் உட்கார வைத்துக் கேட்கச் செய்தேன். எல்லோரும் வேறுபாடு தெரிவதாகவே சொன்னார்கள். காப்பி கொடுத்து உபசரிப்பவனிடம் வேறு எதைச் சொல்வார்கள்?

மூன்றாம் வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓய்வு பெற்ற கணக்கனுக்கு அந்நோய் போவதில்லை. பழைய வடத்தின் கம்பி 0.75 சதுர மில்லிமீட்டர். போகவும் வரவுமாக மூன்று மீட்டர் செம்பில் அதன் மின்தடை ஓர் ஓமில் நூற்றில் எட்டுப் பங்கு அளவு. புதிய வடத்தில் நூற்றில் இரண்டரைப் பங்கு. என் ஆம்ப்ளிபயர் அரை ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், இரு வடங்களிலும் இழக்கப்படும் மின்னழுத்தங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு ஒரு வோல்ட்டில் நூற்றில் மூன்று பங்கைக்கூட எட்டவில்லை. சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். எங்கள் கட்டடத்தின் மின்தூக்கி ஒருமுறை ஏறி இறங்கினாலே அதில் இதைப்போல் பல மடங்கு ஏற்றத்தாழ்வு உண்டாகும். 1915-இல் கோப்போலி நீர்மின் நிலையம் தொடங்கிய காலந்தொட்டு இந்நகருக்கு மலையடிவாரத்திலிருந்து மின்சாரம் வருகிறது. எத்தனையோ கிலோமீட்டர் கம்பியையும் மின்மாற்றிகளையும் எங்கள் மாடிப்படியடி மீட்டர்ப் பெட்டியையும் கடந்து வரும் மின்சாரம், கடைசி ஒன்றரை மீட்டரில் வந்து சாகித்திய பாவத்தைக் கற்றுக்கொள்ளுமா? வானொலி அலைகளின் தொல்லை உள்ள சில இடங்களில் கவசமிட்ட வடத்தால் பயன் இருக்கலாம் என்று மருமகன் சொன்னான். ஆனால் எங்கள் வடத்தில் கவசம் கிடையாது என்பதையும் அவனே ஒப்புக்கொண்டான்.

ஆகவே ஒரு சோதனை செய்தோம். கருவியைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். அவன் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, பூவானால் புதியது, தலையானால் பழையது என்று செருகுவான். அதே வடம் மீண்டும் அமைந்தாலும் கழற்றித்தான் மாட்டுவான். ஓசையை வைத்து நான் ஊகிக்கலாகாது அல்லவா! பாட்டின் அதே பகுதி, அதே ஒலியளவு. எந்த வடம் என்று நான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு முறை நடத்தினோம். ஒவ்வொரு முறையும் ஐயமின்றிச் சொன்னேன். ஏழு முறை சரி. ஐந்து முறை தவறு. கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் ஆறு சரியாகும். பத்து சரியாக இருந்திருந்தால் மதித்திருக்கலாம். வெறும் ஊகத்தால் அப்படி அமைவதற்கு நூற்றில் இரண்டு வாய்ப்பே உண்டு.

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில் அளவைவாதி தன் அளவைகளை எடுத்துரைப்பதைச் சங்கத்து வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். பிறர் பலவாக விரித்த அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கிக் காட்டினார் சிவஞான சித்தியார் செய்த அருணந்தியார். ஐயமும் திரிபும் அற்றதே காட்சி என்பது அவர்கள் கொள்கை. என் காட்சியில் ஐயம் இருக்கவில்லை, திரிபு இருந்தது. பழுதையைப் பாம்பாகக் காண்பவனுக்கும் அந்தக் கணத்தில் ஐயம் இருப்பதில்லை. இதில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்று. பழுதையைப் பாம்பாக்குவது அச்சம். வடத்தை இசையாக்கியது உழைப்பு. என் கைப்பட உரித்து, நசுக்கி, முறுக்கிய பொருள் ஒன்றும் செய்யாமல் இருக்குமா? ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று மனம் முடிவு கட்டியது, காது கையெழுத்திட்டது.

இதனால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரங்கள் நான் அடைந்த இன்பம் மெய்யான இன்பம். அதற்குக் காரணம் வடம் என்று சொன்னது மட்டுமே பிழை. தன் பிள்ளையின் மழலையில் இலக்கணம் காணும் தாயை யாரும் குற்றம் சொல்வதில்லை. இந்த அளவில் இதை ஒரு வேடிக்கைக் கட்டுரையாக எழுதி முடித்திருப்பேன்.

சோதனை நடந்த சில நாட்களுக்குப் பின், இரவு உணவு பரிமாறும்போது என் மனைவி சாதாரணமாக ஒன்று சொன்னாள்: “அந்தப் பெட்டி இப்போதெல்லாம் கடிப்பதில்லை. புது வடம் போட்டது நல்லதாயிற்று.”

புது வடத்தைப் பற்றி வீட்டுக்கு வந்த எல்லோரையும் கேட்ட நான், அவளை ஒருநாளும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. “கடிப்பதா?” என்றேன். “துடைக்கும்போது விரலில் சுருக்கென்று கடிக்குமே. எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!” என்றாள்.

எழுந்து சென்று பரணில் போட்டிருந்த பழைய வடத்தை எடுத்து, அதன் பிளக்கைத் திருப்புளியால் திறந்தேன். இரண்டு கம்பிகள் தம் இடத்தில் இருந்தன. பச்சைக் கம்பி பருத்த முனையில் இல்லை. நறுக்கப்பட்டு, மடக்கப்பட்டு, ஒரு துண்டுப் பட்டியால் சுற்றப்பட்டிருந்தது. அப்படிச் சுற்றிய கை என்னுடையது.

1991-இல் ஆம்ப்ளிபயருடன் ஒரு கேசட் கருவியையும் இணைத்திருந்தேன். இரண்டும் மும்முனைப் பிளக் உடையவை. பாட்டின் அடியில் எந்தச் சுருதிக்கும் ஒவ்வாத ஓர் இரைச்சல், ‘ம்ம்ம்’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இரு கருவிகளும் எர்த் வழியாகவும், பாட்டைக் கொண்டுசெல்லும் கம்பியின் மேலுறை வழியாகவும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடும்போது, நொடிக்கு ஐம்பது முறை மாறும் மின்சாரத்தின் துடிப்பு அவ்வளையத்தில் புகுந்து ஒலியாகிறது என்று இப்போது விளங்கிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே பலகையில் அருகருகே செருகிப் பார்ப்பது, அல்லது பாட்டு வரும் வழியில் ஒரு சிறு மின்மாற்றியை இடுவது என்று முறையான வழிகள் உண்டு. அன்று ஒரு கடைக்காரர் சுலபமான வழியைச் சொன்னார்: “பச்சையை வெட்டிவிடுங்கள்.” வெட்டினேன். இரைச்சல் அந்தக் கணமே நின்றது. அதற்குச் சோதனை தேவையில்லை; திரை தேவையில்லை; நாணயம் தேவையில்லை. நூற்றுக்கு நூறு உண்மையான வேறுபாடு அது.

வடம் இனிமை தந்தது என்று காது சொன்னது பொய், யாருக்கும் கேடில்லை. பச்சைக் கம்பியை வெட்டியதும் இரைச்சல் நின்றது என்று அதே காது சொன்னது மெய். ஆனால் அந்த மெய்யை நம்பித்தான் என் வீட்டில் ஓர் இரும்புப் பெட்டியைக் காவலின்றி வைத்தேன். சில ஆண்டுகள் தீங்கொன்றும் தெரியவில்லை. கேசட் கருவியின் எர்த் இருந்தது. இரண்டையும் இணைத்த கம்பியின் மேலுறை வழியே ஆம்ப்ளிபயருக்கும் அது துணையாக நின்றது. 2009-இல் கேசட் கருவி பழுதாகி, அதைக் கழித்துவிட்டு, எர்த் தேவையில்லாத இருமுனைப் பிளக் கொண்ட இசைத்தட்டுக் கருவியை வாங்கினேன். வெட்டியதற்கான காரணமே அன்றோடு போயிற்று. கடைசித் துணையும் போயிற்று. வெட்டு மட்டும் பிளக்குக்குள் மறந்து கிடந்தது.

என் மனைவி கடிப்பதாகச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதல்முறை சொன்னபோது நான் அலட்சியம் செய்துவிடவில்லை, ‘சோதனை’ செய்தேன். காய்ந்த விரலால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. “மனப்பிரமை” என்று தீர்ப்புச் சொன்னேன். வீட்டுக்குள் ரப்பர்ச் செருப்பு அணிந்து நடப்பவன் நான். அவள் மொசைக் தரையில் வெறுங்காலோடு, ஈரத் துணியோடு நிற்பவள். இந்த வேறுபாடு என் மனத்தில் படவே இல்லை. வேலைக்கு வரும் மராட்டியப் பெண்மணியும் அந்த அலமாரியைத் துடைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக ஒருநாள் அவள் சொன்னாள். அதை நான் சோம்பல் என்று கொண்டேன். ஒரே செய்தியை இருவர், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்பனை செய்யக் காரணமில்லாதவர்கள், தனித்தனியே சொன்னார்கள். வழக்குமன்றத்தில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மறுநாள் மருமகனை வரவழைத்துப் பழைய வடத்தைச் செருகி மீட்டரால் அளந்தோம். பெட்டிக்கும் எர்த்துக்கும் இடையே 96 வோல்ட் காட்டியது. கருவிக்குள்ளிருக்கும் மின்மாற்றியின் சுற்றுகளுக்கிடையே கசியும் சிறு மின்சாரம் அது. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாக இருக்கும், சுருக்கென்று கடிப்பதோடு நிற்கும் என்று அவன் விளக்கினான். நான் நிம்மதி அடைந்ததைக் கண்டு அவன் முகம் மாறியது. “மாமா, இந்த மின்மாற்றிக்கு முப்பது வயதுக்கு மேலாகிறது. என்றைக்காவது உள்ளே காப்பு உருகினால் பெட்டி முழுவதும் 230 வோல்ட் ஏறும். எர்த் இருந்தால் அந்தக் கணமே பியூஸ் போய்விடும். இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, பாட்டுக்கூட நிற்காது. அத்தை வந்து தொடும்வரை பெட்டி காத்திருக்கும்” என்றான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைக்காரரின் சொல்லை ‘உரை’ என்னும் அளவையாகக் கொண்டேன். முகமறியாத வட விற்பனையாளர்களின் புகழுரையைக்கூடப் பாதி நம்பினேன். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தவள், தன் விரலால் உணர்ந்ததைச் சொன்னது மட்டும் உரையாகத் தோன்றவில்லை. எந்தச் செய்தியையும், சொன்னவர் யார் என்று பாராமல், அதன் மெய்ம்மையை ஆராய வேண்டும் என்ற வள்ளுவர் கருத்தை நம் சங்க மேடையில் இருமுறை விரித்துப் பேசியவன் நான். அக்கூட்டங்களில் முன்வரிசையில் அவளும் இருந்தாள்.

எல்லோர் சொல்லையும் அப்படியே நம்பிவிட வேண்டுமா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். என் காது தவறியதுபோல் அவள் விரலும் தவறியிருக்கலாம். ஆனால் என் காது சொன்னதைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவிட்டேன், திரை கட்டினேன், பன்னிரண்டு முறை எழுதி வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஓர் உயிர் தொடர்பான செய்திக்கு ஒரு விரலை நீட்டியதோடு சரி. என் இன்பம் சோதனைக்கு உரியதாகத் தோன்றியது. அவள் நோவு தோன்றவில்லை. இதற்கு அறியாமை என்று பெயரிடுவது என்னை நானே தப்பவிடுவதாகும். எர்த் முனை ஏன் நீளமாக இருக்கிறது என்று வியந்தவனுக்கு, அதன் பயன் யாருக்கு என்ற எண்ணம் அந்த மேசையிலேயே வந்திருக்க வேண்டும்.

பொழுது விடிந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டியது நான் என்பதையும் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “அப்படியானால் அது பிரமை இல்லை” என்று மட்டும் சொன்னாள். பழைய வடத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி நாலு துண்டாக வெட்டிக் குப்பையில் இட்டேன். வேலைக்கு வந்த பெண்மணியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மராட்டியில், அவர் சொன்னதே சரி என்று தெரிவித்தேன். அவர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு என் மனைவி, “மீட்டர் கையில் இருக்கும்போதே குளிர்சாதனப் பெட்டியின் கைப்பிடியையும் பார்த்துவிடுங்கள், மழைக்காலத்தில் அதுவும் கடிக்கிறது” என்றாள். அதன் வடத்தில் குறையில்லை. மெயினை அணைத்துவிட்டுச் சுவரிலிருந்த சாக்கெட்டைத் திறந்தபோது, எர்த் முனைக்குக் கம்பியே வரவில்லை என்று தெரிந்தது. மின்பணியாளருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, எத்தனை நாளாகக் கடிக்கிறது என்று கேட்டேன். “இந்தப் பெட்டி வந்த நாள்முதல்” என்றாள். பின்பு குளியலறையில் உள்ள வெந்நீர்க் கருவியைப் பற்றியும் சொல்லத் தொடங்கினாள். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.